ஏற்றுமதிக் கடிகாரமும் கீழவாஞ்சூர்க் கரையும்

காரைக்கால் நிலப்பகுதியின் தென்கோடியில் இருக்கிறது கீழவாஞ்சூர். அதைத் தாண்டினால் நாகூர். இன்று அங்கே போகிறவர் கண்ணில் முதலில் படுவன, 2009 முதல் இயங்கும் துறைமுகமும் அதை நாடி வரும் சரக்குந்துகளுமே. ஆனால் 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலும் இவ்வூரின் எல்லை இரண்டு பேரரசுகளின் எல்லையாக இருந்தது. வடக்கே பிரெஞ்சு ஆட்சி, தெற்கே ஆங்கில ஆட்சி. பிரான்சின் மர்சேய் துறையில் ஏறிய பண்டம் சூயசுக் கால்வாய் வழியே கொழும்பைத் தொட்டுப் புதுச்சேரிக்கு வந்தது. ஆங்கில வணிகர் வரவழைத்த பண்டம் பம்பாயிலோ கல்கத்தாவிலோ சென்னையிலோ இறங்கித் தொடர்வண்டி ஏறி வந்தது. ஐரோப்பியக் கைவினையின் மிக நுண்ணிய படைப்பான சட்டைப்பைக் கடிகாரம் இவ்விரு வழியாலும் இக்கரையை அடையக்கூடியதாக இருந்தது. ஆகவே, ஏற்றுமதிக்கென்றே செய்யப்பட்ட பழங்கடிகாரம் ஒன்றை எவ்வாறு ஆராய்வது என்ற கேள்வியைக் கேட்பதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நிலத்தில் அரிது.

ஏற்றுமதிக் கடிகாரம் என்பது பிறந்த ஊரில் விலைபோகாமல் எஞ்சியதைக் கப்பலேற்றி அனுப்பியதன்று. வாங்குபவரின் நாடு, எழுத்து, பழக்கம், சட்டம் ஆகியவற்றை முன்கூட்டியே எண்ணிச் செய்யப்பட்டது. 18ஆம் நூற்றாண்டில் இலண்டனின் சார்ச் பிரையர் போன்ற கைவினைஞர் உதுமானியப் பேரரசுக்காகச் செய்த கடிகாரங்களில் துருக்கியர் வழங்கிய எண்ணுருக்கள் முகப்பில் இருக்கும்; ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று நான்கு கூடுகள் இருக்கும்; வெளிக்கூடு சிலவற்றில் ஆமையோட்டால் ஆனது. சீனத்துக்குச் சென்றவை வேறு வகை. சுவிட்சர்லாந்தின் ஃபிளுரியே ஊரைச் சேர்ந்த எதுவார் போவே 1818இல் காண்டன் நகருக்குச் சென்று நான்கு கடிகாரங்களைப் பத்தாயிரம் பிராங்குக்கு விற்றார். 1822இல் அவருடைய குடும்ப நிறுவனம் தோன்றியது. சீனர் இணையிணையாக வாங்கினர். உள்ளிருக்கும் பொறியைக் கண்ணாடி வழியே காண விரும்பினர். நொடிமுள் ஒவ்வொரு நொடிக்கும் ஒருமுறை தாவி நிற்பதை விரும்பினர். விருப்பத்துக்கேற்பப் பொறியின் அமைப்பே மாற்றப்பட்டது.

இந்தியாவுக்கு வந்தவற்றில் இத்தகைய வெளிப்படையான அடையாளம் குறைவு. முகப்பில் உரோம எண்களோ வழக்கமான எண்களோ இருக்கும். சிலவற்றில் விற்ற நிறுவனத்தின் பெயரும் இருக்கும். சென்னை மவுண்ட் சாலையின் பி. ஆர் அண்ட் சன்சு, 1865 முதல் இந்தியச் சந்தையில் கால் பதித்த ஃபாவர் லூபா, 1886இல் பம்பாயிலும் கல்கத்தாவிலும் தொடங்கப்பட்ட வெஸ்ட் எண்ட் வாட்ச் கம்பெனி ஆகிய பெயர்கள் நம் பாட்டன்மாருக்கு நன்கு தெரிந்தவை. ஆனால் முகப்பிலுள்ள பெயர் விற்றவருடையதே அன்றிச் செய்தவருடையதாக இருக்கவேண்டியதில்லை. வெஸ்ட் எண்ட் என்ற ஆங்கிலப் பெயரைத் தாங்கியவை சுவிட்சர்லாந்தின் யூரா மலைச்சாரலில், செயிண்ட் இமியே ஊரில் வேர்கொண்டவை. ஆகவே முகப்பை மட்டும் பார்த்து முடிவு கட்டுபவர் ஏமாறுவர். கடிகாரத்தின் முதுகைத் திறக்கவேண்டும்.

பின்மூடியின் விளிம்பில் நகம் நுழையும் அளவுக்கு ஒரு சிறு பள்ளம் இருக்கும். கட்டைவிரல் நகத்தை அதில் கொடுத்து மெல்ல நெம்பினால் மூடி திறக்கும். அதன் உட்புறத்தில், உருப்பெருக்கியின் துணையின்றிப் படிக்க முடியாத அளவில், விலங்குகளும் தலைகளும் பொறிக்கப்பட்டிருக்கும். இவையே தரமுத்திரைகள். சுவிட்சர்லாந்து 1880இல் இயற்றிய சட்டத்தின்படி, ஆயிரத்தில் 800 பங்கு வெள்ளியுள்ள கூட்டுக்குக் காட்டுக்கோழியும், 875 பங்குக்குக் கரடியும் முத்திரையாயின. 14 காரட்டுப் பொன்னுக்கு அணில். 18 காரட்டுக்கு எல்வெத்தியா என்ற பெண்ணின் தலை. இவற்றோடு ஒரு வெள்ளிக் கூட்டில் பெரியதொன்றும் சிறியவை இரண்டுமாக மூன்று கரடிகள் கண்டால், அங்கே ஆராய்ச்சியாளர் நிமிர்ந்து உட்காரவேண்டும். 1887இல் பிரிட்டன் இயற்றிய வணிகக் குறிச் சட்டம், வெள்ளி என்று விற்கப்படும் கடிகாரக் கூட்டுக்கு ஆங்கிலத் தரமான 925ஐக் கேட்டது. அதைத் தாண்டிப் பாதுகாப்பாக நிற்க, சுவிட்சர்லாந்து 935 என்ற தரத்தை உண்டாக்கி மூன்று கரடிகளை அடித்தது. 1907இல் பிரிட்டன் தன் முத்திரையையே கட்டாயமாக்கியபின் இவ்வழக்கம் மறைந்தது. எனவே மூன்று கரடிகள் இரண்டு செய்திகளைச் சேர்த்துச் சொல்கின்றன: செய்த காலம் ஏறத்தாழ 1887க்கும் 1907க்கும் இடைப்பட்டது, செய்தவர் மனத்தில் இருந்தது ஆங்கிலச் சந்தை. இந்தியாவிலும் 1889இல் வணிகக் குறிச் சட்டம் வந்தது.

பிரெஞ்சு வழியில் வந்த கடிகாரம் வேறு முகங்களைக் காட்டும். வணிகத்துக்குரிய உரோமத் தெய்வமான மெர்க்குரியின் தலை, பிரான்சிலிருந்து வெளிநாட்டுக்குச் செல்லும் பொன் வெள்ளிப் பொருள்களுக்கு இடப்பட்ட முத்திரை. 750க்குக் குறைந்த தரப் பொன்னை நாட்டுக்குள் விற்கக்கூடாது என்றிருந்த பிரான்சு, சுவிட்சர்லாந்தின் 14 காரட்டுக் கடிகாரங்களோடு போட்டியிட வேண்டி, 1884இல் ஏற்றுமதிக் கடிகாரக் கூடுகளுக்கு மட்டும் 583 என்ற தரத்துக்கு ஒப்புதல் தந்தது. அதற்கான முத்திரை எகிப்தியர் ஒருவரின் தலை. ஒரு நாடு தன் மக்களுக்கு விற்க ஒப்பாத பொன்னைப் பிறநாட்டாருக்கு விற்பதற்காக அடித்த குறி அது! ஏற்றுமதிக்கென்றே செய்யப்பட்டது என்பதற்கு இதைவிட உறுதியான சான்று ஒரு கடிகாரத்தின் உடலில் இருக்க முடியாது. இதற்கு மாறாக, 1893க்குப் பிற்பட்ட வண்டு முத்திரை வெள்ளியிலும் ஆந்தை முத்திரை பொன்னிலும் காணப்பட்டால், அக்கூடு வெளிநாட்டிலிருந்து பிரான்சுக்குள் வந்தது என்று பொருள். சுவிட்சர்லாந்தில் பிறந்து, பிரான்சில் வரி கட்டி, அங்கிருந்து கப்பலேறிய கடிகாரங்கள் இப்படித்தான் தம் வழியைச் சொல்கின்றன.

வெளிமூடிக்கு அடுத்து உள்மூடி ஒன்று உண்டு. அதில் கொடிகொடியாக எழுத்து வெட்டப்பட்டிருக்கும்: நங்கூர அமைப்பு, 15 மாணிக்கக் கல், இன்ன கண்காட்சியில் இன்ன பதக்கம். எழுத்து பிரெஞ்சாக இருக்கிறதே, ஆகவே இது பிரான்சில் செய்தது என்று பலர் முடிவு செய்கின்றனர். இது தவறு. சுவிட்சர்லாந்தின் கடிகாரச் சிற்றூர்கள் பெரும்பாலானவற்றின் பேச்சுமொழியே பிரெஞ்சுதான். மொழியைவிட நம்பத்தக்க சான்று இன்னும் உள்ளே, அலைவுச்சக்கரத்துக்கு மேலே, ஒரு சிறு முள்ளின் இருபுறமும் இருக்கிறது. கடிகாரத்தை விரைவாக்கவும் தணிக்கவும் அந்த முள் உதவும். அதன் இருபுறமும் ஏ, ஆர் என்ற எழுத்துகள் இருந்தால் அவை பிரெஞ்சில் முன்னேற்றத்தையும் பின்னடைவையும் குறிக்கும். எஃப், எஸ் என்றிருந்தால் ஆங்கிலத்தில் விரைவு, மெதுவு. யாருடைய கை இந்த முள்ளை நகர்த்தப்போகிறது என்பதைத் தொழிற்கூடம் எண்ணிப்பார்த்தே அவ்வெழுத்தை வெட்டியது.

காதும் ஒரு கருவிதான். கடிகாரத்தைச் செவியருகே வைத்து ஒலியை எண்ணுங்கள். நொடிக்கு ஐந்து என்றால் மணிக்கு 18,000 அலைவு; சுவிசு, பிரெஞ்சுக் கடிகாரங்களின் இயல்பான வேகம் அது. நொடிக்கு நான்கு என்று நிதானமாக ஒலித்தால் மணிக்கு 14,400. பழைய ஆங்கிலக் கடிகாரங்களின் நடை.

இனி, இக்கட்டுரையின் நடுப்பொருளுக்கு வருகிறேன். ஏற்றுமதிக் கடிகாரத்தை ஆராய்பவர்கள் முத்திரையையும் எண்ணையும் பார்த்ததோடு நின்றுவிடுகின்றனர். அது சென்று வாழ்ந்த நிலத்தின் வெப்பம் அதன் மேல் எழுதியதைப் படிப்பவர் குறைவு. எனக்கு அதுவே முதன்மையாகப் படுகிறது.

சட்டைப்பைக் கடிகாரத்தின் உயிர், அலைவுச்சக்கரமும் அதனோடு பிணைந்த மயிரிழை போன்ற எஃகுச் சுருளும். சக்கரம் ஒருபுறம் சுழலும். சுருள் அதை இழுத்துத் திருப்பும். ஓர் அலைவுக்கு ஆகும் நேரத்தை இரண்டே தீர்மானிக்கின்றன: சக்கரத்தின் நிலைமத் திருப்புத்திறன், சுருளின் மீட்சி வலிமை. வெப்பம் ஏறினால் சக்கரம் சற்று விரியும். அதனால் சற்றே மெதுவாகும். ஆனால் அது சிறு பங்கு. பெரும் பங்கு சுருளுடையது. எஃகு சூடாகும்போது அதன் மீட்சி வலிமை குறைகிறது. தளர்ந்த சுருள் சக்கரத்தை மெதுவாகத் திருப்புகிறது. ஈடுசெய்யும் ஏற்பாடு எதுவும் இல்லாத கடிகாரம் ஒவ்வொரு செல்சியசு பாகைக்கும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 நொடி பின்தங்கும் என்பது 19ஆம் நூற்றாண்டு ஆய்வுகள் காட்டிய அளவு.

இக்கணக்கைக் கீழவாஞ்சூரில் வைத்துப் பாருங்கள். யூரா மலைத் தொழிற்கூடத்தில் 15 பாகையில் நேரம் சரிசெய்யப்பட்ட ஒரு மலிவுக் கடிகாரம், இக்கரையின் 30 பாகைக்கு வருகிறது என்று கொள்வோம். வேறுபாடு 15 பாகை. நாளுக்கு 150 நொடி, அதாவது இரண்டரை மணித்துளி தாமதம். ஒரு கிழமைக்குள் 17 மணித்துளிக்கு மேல் பின்தங்கிவிடும். வாங்கியவர் என்ன செய்வார்? ஊரிலுள்ள கடிகாரப் பழுதுபார்ப்பவரிடம் கொடுப்பார். அவர் பின்மூடியைத் திறந்து அச்சிறு முள்ளை விரைவுப் பக்கமாகத் தள்ளுவார். எனவே பழைய கடிகாரமொன்றில் முள் விரைவுப் பக்கத்தின் கோடியில் நிற்பதும், அவ்விடத்தில் தகடு தேய்ந்திருப்பதும் வெப்பநாட்டு வாழ்க்கையின் தடமாக இருக்கலாம். அழுக்கும் தடித்த எண்ணெயும்கூட ஒரு கடிகாரத்தின் நடையைக் கெடுத்து முள்ளை நகர்த்தத் தூண்டும் ஆதலின், இதைத் தனிச் சான்றாகக் கொள்ளாமல் மற்றவற்றோடு சேர்த்தே எடை போடவேண்டும்.

நல்ல கடிகாரங்களில் இவ்விடருக்கு விடை உண்டு. அலைவுச்சக்கரத்தின் வளையம் இரண்டு உலோகங்களால் ஆனது: உள்ளே எஃகு, வெளியே பித்தளை. ஒரு பாகை வெப்பத்துக்கு எஃகு பத்து இலட்சத்தில் 12 பங்கு விரிந்தால் பித்தளை 19 பங்கு விரியும். வளையம் இரண்டிடங்களில் வெட்டப்பட்டிருப்பதால், சூடேறும்போது வெளிப்பக்கம் கூடுதலாக நீண்டு, கட்டற்ற முனைகள் உள்நோக்கி வளையும். எடை நடுவை நெருங்கும். நிலைமத் திருப்புத்திறன் குறையும். சுருள் தளர்ந்ததால் வந்த தாமதம் ஈடாகும். எத்துணை அழகிய தீர்வு! கணக்கிடுபவர் யாருமின்றி, உலோகமே வெப்பத்தை உணர்ந்து உலோகமே திருத்திக்கொள்கிறது.

இங்கும் ஏமாற்று நுழைந்தது. வளையத்தைச் சுற்றித் திருகாணிகளைப் பதித்து, ஈடுசெய்யும் சக்கரம்போலத் தோன்றவைத்த வெறும் பித்தளைச் சக்கரங்கள் ஏராளமாக விற்கப்பட்டன. கண்டுபிடிக்கும் வழி எளிது. ஆரத்துக்கு அருகே வளையம் முற்றிலும் அறுபட்டு ஒளி ஊடுருவுகிறதா என்று உருப்பெருக்கியால் பாருங்கள். அறுபடாத வளையம் வளையாது. வளையாதது ஈடு செய்யாது. வெப்பநாட்டுக்கு அனுப்பப்பட்ட கடிகாரத்தில் உண்மையான ஈருலோகச் சக்கரம் இருக்கிறதென்றால், செய்தவர் வாங்குபவரை மதித்தார் என்பது என் தீர்ப்பு.

பெரும்பாலோர்க்குக் கிடைத்தது அத்தகைய கடிகாரமன்று. சார்ச் ஃபிரெடரிக் ரோஸ்கோப் என்பவர் உழைப்பாளர்க்கென 20 பிராங்கு விலையில் ஒரு கடிகாரம் செய்து, 1867ஆம் ஆண்டுப் பாரிசுக் கண்காட்சியில் வெண்கலப் பதக்கம் பெற்றார். நடுச்சக்கரத்தை நீக்கி, விசைச்சுருள் அடங்கிய உருளையைப் பெரிதாக்கி, மொத்த உறுப்புகளை 57 ஆகக் குறைத்தார். அவர் பெயரைத் தாங்கிய போலிகளும் வழிவந்தவைகளும் உலகெங்கும் பரவின. தொடர்வண்டிப் படத்தைத் தாங்கிய தடித்த நிக்கல் கடிகாரங்கள் பல இவ்வகையே. இவற்றை இழிவாகப் பார்க்கும் சேகரிப்பாளரோடு எனக்கு உடன்பாடில்லை. வண்டி ஓட்டியவரும் கூலி வேலை செய்தவரும் முதன்முதலாக நேரத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டது இக்கடிகாரங்களால்தான்.

அவர்கள் வைத்துக்கொண்ட நேரம் எது என்பதும் ஆராயத்தக்கது. 1792இல் அமைந்த சென்னை வானாய்வகத்தின் நெட்டாங்கைக் கொண்டு கணித்த சென்னை நேரத்தையே இருப்புப்பாதைகள் கைக்கொண்டன. அது கிரீன்விச்சைவிட ஏறத்தாழ 5 மணி 21 மணித்துளி முந்தியது. காரைக்கால் சென்னையைவிட ஏறத்தாழ 0.4 பாகை மேற்கே இருப்பதால், இக்கரையின் கதிரவன் உச்சிக்கு வருவது சென்னைக்கு ஒன்றரை மணித்துளிக்குச் சற்றுப் பிந்தியே. 1898இல் பேரளத்திலிருந்து காரைக்காலுக்கு இருப்புப்பாதை வந்தபின், கதிரவனைப் பார்த்து நேரம் வைத்தவர் வண்டியைத் தவறவிடாமலிருக்கக் கடிகாரத்தை நாடவேண்டியதாயிற்று. 1906 சனவரி முதல் நாள் இந்தியப் பொதுநேரம் நடைமுறைக்கு வந்தபோது, சென்னை நேரத்தில் ஓடிய கடிகாரங்கள் ஏறத்தாழ 9 மணித்துளி முன்னே திருப்பப்பட்டன.

வெப்பத்துக்கு அடுத்த பகை உப்புக்காற்று. கடற்கரைக் காற்றின் ஈரத்திலுள்ள உப்பு எஃகுச் சுருளில் துருவை உண்டாக்கும். துரு உண்ட சுருள் மெலியும், மெலிந்தது வலிமை இழக்கும், மீண்டும் தாமதம். முகப்போ உப்புக்கு அஞ்சாது; செப்புத் தகட்டின்மேல் சுட்டு உருக்கிய கண்ணாடிப் பூச்சு அது. நூறாண்டு கழித்தும் பால்போல் வெளுத்திருக்கும். பழங்கடிகாரத்தின் முகப்பு தாளில் அச்சிட்டதுபோல் தட்டையாகவும் வண்ணம் மிகுந்தும் இருந்தால், பிற்காலத்தில் மாற்றப்பட்டதோ என்று ஐயுறுங்கள்.

இத்தனையும் பார்த்தபின் எஞ்சுவது எழுத்துச் சான்று. இயங்குபொறியின் தகட்டில் உள்ள தொடரெண்ணைக் குறித்துக்கொள்ளவேண்டும். கூட்டிலுள்ள எண் வேறு, பொறியிலுள்ள எண் வேறு. செயிண்ட் இமியேயில் 1832இல் தோன்றிய லாஞ்சின் நிறுவனம் தன் பழைய பேரேடுகளை இன்றும் காத்துவருகிறது. எண்ணைக் கொடுத்தால், கடிகாரம் எந்நாளில் யாருக்கு அனுப்பப்பட்டது என்று தேடித் தரும். எல்லா நிறுவனமும் இப்படிக் காத்ததில்லை. காத்தவை நமக்குச் செய்திருக்கும் தொண்டு பெரிது.

பேரேடு இல்லாத இடத்தில் மடலும் உறவும் பேசும். காந்தியடிகளின் வெள்ளிக் கடிகாரம் நாடறிந்த எடுத்துக்காட்டு. லெ லோக்கல் ஊரின் செனித் தொழிற்கூடத்தில் செய்யப்பட்ட, எழுப்பொலியுடன் கூடிய சட்டைப்பைக் கடிகாரம் அது. இந்திரா காந்தி அவருக்குக் கொடுத்தது; அடிகள் அதைப் பேரன்முறை உறவின் மனைவியான ஆபாவுக்கு அளித்தார். 2009இல் நியூயார்க்கில் அது ஏலத்துக்கு வந்தபோது அதன் உண்மையை நிறுவத் துணைநின்றவை, குடும்பத்தில் கைமாறிய வரலாறும் அதைச் சொல்லும் தாள்களும். பொறியை மட்டும் பார்த்திருந்தால், ஆயிரக்கணக்கான செனித் கடிகாரங்களில் அதுவும் ஒன்று.

காரைக்கால் பகுதியிலும் இத்தகைய குடும்ப வரலாறு வளமாக இருக்கிறது. 1881ஆம் ஆண்டு ஆணையின்படி பிரெஞ்சுக் குடிமுறைச் சட்டத்தை ஏற்றவர்கள் பலர் சைகோனுக்கும் இந்தோசீனத்தின் பிற ஊர்களுக்கும் அலுவலராகவும் படைவீரராகவும் சென்று திரும்பினர். நாகூர், காரைக்கால் மரைக்காயர்கள் பர்மா, பினாங்கு, சிங்கப்பூர் என்று வணிகம் செய்தனர். அவர்கள் வீட்டு மரப்பெட்டிகளில் கிடக்கும் கடிகாரங்கள் மர்சேயிலிருந்தோ பம்பாயிலிருந்தோ மட்டுமன்றிச் சைகோன் கடைத்தெருவிலிருந்தும் வந்திருக்கலாம். எவ்வழி என்பதை அதன் கூடே சொல்லும், நாம் அதைக் கெடுக்காமலிருந்தால்.

ஆகவே அத்தகைய கடிகாரம் வைத்திருப்போர்க்கு என் வேண்டுகோள். கறுத்துப்போன வெள்ளியை உரசி மெருகேற்றாதீர்கள். காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால் வந்த கறுப்பு அது, தீங்கற்றது. மெருகேற்றும் ஒவ்வொரு முறையும் முத்திரையின் விளிம்பு தேயும். மூன்று கரடிகள் மூன்று புள்ளிகளாகும். ஆண்டுக்கணக்கில் கிடந்ததற்குச் சாவி கொடுத்துப் பார்க்காதீர்கள். காய்ந்த எண்ணெயோடு ஓடினால் அச்சு முனைகள் அரைபடும். இருட்டில் ஒளிரும்படி எண்களில் பழைய பூச்சு இருந்தால் அதைச் சுரண்டாதீர்கள். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அதற்கு ரேடியம் பயன்பட்டது, அதன் கதிர்வீச்சு இன்னும் தீரவில்லை. வெள்ளி விலைக்குக் கூட்டை மட்டும் விற்றுவிடாதீர்கள். கூடும் பொறியும் பிரிந்தால் இரண்டுமே ஊமையாகும். பின்மூடியின் உட்புறத்தையும் இயங்குபொறியையும் நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து வையுங்கள். அந்தக் கடிகாரம் யார் கையில், எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டு வாக்கில் வீட்டுக்கு வந்தது என்பதை, அறிந்த முதியவர் இருக்கும்போதே கேட்டு, ஒரு தாளில் எழுதி, அக்கடிகாரத்தோடு சேர்த்து வையுங்கள்.